நான் கை வைத்த பிரதி

ஏகாம்பரம் என்பவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து படியெடுத்த ஒரு பழைய வரலாற்று நூலை, அவர் பதிப்பிக்க முடியாதபடி நான் தடுத்தேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். காரணம் பொறாமை, வேறொன்றும் இல்லை. இதை அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று சென்ற மாசி மாதம் திருநெல்வேலியிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போனேன். போய் வந்து இத்தனை நாளாகியும் அங்கே நடந்தது எனக்கு முழுதாகப் புரிந்தபாடில்லை. நடந்தபடியே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில், திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், இரண்டு வக்கீல்களும் ஒரு தலைமையாசிரியரும் ஓர் அச்சாபீஸ்காரரும் சேர்ந்து தொடங்கிய சபை அது. செப்பேடுகள், கோயில் வரலாறுகள், கிராமக் கணக்கர்கள் எழுதி வைத்த ஊர்க் கதைகள், இவற்றைத் தேடி எடுத்து, பிழை பார்த்து, அச்சிட்டு, சந்தா கட்டியவர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இரண்டு வக்கீல்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே செப்பேட்டைத் தனித்தனியாக அச்சிட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது நீதிமன்றத்தில் மட்டும்தான்.

அதிலிருந்து வந்தது கை வைக்கும் வழக்கம். ஆண்டுக் கூட்டத்தில் புதிதாக வந்த பிரதியை மேசைமேல் வைப்பார்கள். ஆயுள் உறுப்பினர்கள் மட்டும் அறைக்குள் இருப்பார்கள். பதிப்பிக்க விரும்புகிறவர் எழுந்து போய் அதன் மேல் வலது கையை வைக்க வேண்டும். ஒருவர் வைத்துவிட்டால் அதைப் பற்றி மற்றவர்கள் பேசக் கூடாது. அந்தப் பிரதிக் கட்டை அவர் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போவார். அச்சிட்டு முடிக்கும்வரை, அல்லது அவர் சாகும்வரை, அது அவருடையது. காலக்கெடு கிடையாது. சண்டையைத் தடுக்க வந்த விதி நூல்களையும் தடுத்தது. கை வைத்தவர் இறந்து, பேரப்பிள்ளைகள் பரணைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரரிடம் போன பிரதிகள் உண்டு.

ஏகாம்பரம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். திருக்கழுக்குன்றத்தில் பழைய கணக்கர் குடும்பம் ஒன்றின் பெட்டியில், கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை உள்ள கடலோர ஊர்களின் வரலாற்றைக் கண்டுபிடித்தார். எந்த ஊரில் யார் முதலில் குடியேறினார்கள், எது எந்தக் கோயிலின் நிலம், உடைந்த கப்பலிலிருந்து கரையேறிய சரக்கு யாருக்குச் சேரும் என்பதெல்லாம் அதில் இருந்தது. விடுமுறை நாள்களில் போய்ப் போய்ப் படியெடுத்து, வேறு படிகளோடு ஒப்பிட்டு, கடற்கரைக்கு ஒரு வரைபடமும் போட்டு, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் சபையில் கொடுத்தார். அவர் உறுப்பினரில்லை. ஆகவே வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே, அப்போதைய தலைவர் வக்கீல் சிவசைலம், "கொண்டு வந்தவரே பதிப்பிக்கட்டுமே, அவரை உறுப்பினராக்கி…" என்று தொடங்கினார். நான் எழுந்து போய்க் கை வைத்தேன். அவர் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டார். விதி அப்படி.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். நான் செய்ய அதில் எதுவுமே மிச்சமில்லை. முன்னுரை ஒன்று எழுதி என் பெயரைப் போடுவதுதான் பாக்கி. அதற்கும் கை வரவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பார்க்க வேண்டாம் என்று அதன்மேல் சட்டைகளை அடுக்கினேன்.

இன்று சபையில் மிச்சம் மூன்று பேர். ஜவுளிக்கடைக்காரர்கள் மாடியைக் கேட்டதும் புத்தகங்கள் என் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. எனக்கு எண்பது நெருங்குகிறது. ஏகாம்பரத்தின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

செங்கல்பட்டில் இறங்கியபோது விடிந்திருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு சிறிய ஓட்டலில் இட்லி கேட்டேன். சாம்பாருக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் கெட்டியாக எதையோ ஊற்றினார்கள். என்னவென்று கேட்டேன். வடகறி என்றார் பரிமாறியவர். வடையைக் கறி வைப்பார்களா என்று நான் விழித்ததைப் பார்த்து, "துன்னு பாரு பெரியவரே, அப்பால சொல்லு" என்றார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இட்லி என்றால் சட்னி என்று பழகிய நாக்கு, கடைசிவரை இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தது.

என்னிடமிருந்தது ஏகாம்பரத்தின் பழைய ஊரப்பாக்கம் முகவரி. மின்சார ரயிலில் ஏறினேன். எங்கள் ஊரில் ரயில் என்றால் கட்டுச்சோற்றோடு ஏறிப் படுத்துக்கொள்வது. இங்கே அது டவுன் பஸ் மாதிரி. ஊரப்பாக்கம் வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் பையைத் தூக்கிப் பிடித்தபடி சிக்கிக்கொண்டேன். கதவை அடைவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

"எறங்கறதுன்னா மின்னாடியே வந்து நின்னுகினு இருக்கணும் தாத்தா. இப்ப போய் எறங்குறேன் எறங்குறேன்னா?" என்றார் ஒருவர். வண்டலூரில் என்னை இறக்கிவிட்டவரும் அவர்தான்.

திரும்பி வந்து தெருவைக் கண்டுபிடித்தால், வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அம்மாளிடம் விசாரித்தேன்.

"டிராயிங் சாரா? வூட்ட பில்டராண்ட குட்த்துட்டு எப்பவோ போய்ட்டாங்களே. நீங்க இன்னா, கோர்ட்டு விஷயமா?"

"இல்லம்மா. பழைய சிநேகம்."

இந்தச் சொல்லை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"கழுக்குன்றத்தாண்ட கீறாங்கன்னு சொல்லிகினு இருந்தாங்க" என்றார். அதை நம்பி மறுநாள் திருக்கழுக்குன்றம் போனேன்.

பஸ் நிலையத்தில் யாருக்கும் ஏகாம்பரத்தைத் தெரியவில்லை. கணக்கர் வீடு எங்கே என்று கேட்டுப் பார்த்தேன். கேட்டது தப்பாகப் போயிற்று. டீக்கடையில் நின்றிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னா அண்ணாத்த, எந்த சர்வே நம்பரு?"

"நம்பர் இல்லை. கடற்கரை ஊர்களின் பழைய வரலாறு ஒன்று. அதைப் படியெடுத்த ஒருவரைத் தேடுகிறேன்."

"கடலோர ஊரா? ஈசிஆர் சைடா? பழைய பேப்பரா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தமா சொல்லாத. வண்டில ஏறு."

அவர் நிலத் தரகர் என்பது பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. நான் நூல் என்றால் அவர் பத்திரம் என்று புரிந்துகொண்டார். எந்த ஊருக்கு யார் முதலில் குடியேறினார்கள் என்று சொன்னால், "அப்ப பட்டா யார் பேர்ல?" என்று கேட்டார். கணக்கர் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் சென்னைக்குப் போய்விட்டதாம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு, வரிசையாக யார் யாருக்கோ போன் போட்டார். மேலே கோயில் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த வெளியூர் யாத்ரீகர் ஒருவர், கோயிலில் சோறு தின்ன வரும் கழுகு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். கடைக்காரர், "அது வர்றத வுட்டு வருசமாச்சு, நீ பஜ்ஜி துன்னு" என்றார்.

தரகரின் கடைசி போனில் விடை கிடைத்தது. "உன் ஆளு திருவிடந்தைல பொண்ணு வூட்ல கீறாரு. பேப்பரு கைக்கு வந்தா எனக்கு ஒரு போன் போடு அண்ணாத்த. மறந்துடாத."

பேப்பர் என் மடியில்தான் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அன்று மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் தங்கினேன். கடற்கரைக் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்து, ஏகாம்பரத்திடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'நான் திருநெல்வேலியிலிருந்து வருகிறேன், உங்கள் பிரதிமேல் கை வைத்தவன் நான்தான்.' ஒரு முறை அது திமிராக ஒலித்தது. இன்னொரு முறை கெஞ்சுவது போல இருந்தது. வடநாட்டுக் குடும்பம் ஒன்று எதிரில் வந்து நின்று, நான் வழிகாட்டியா, அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று இந்தியில் கேட்டது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பாடம். அந்த நேரத்தில் அரசன் பெயர் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை திருவிடந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பூக்கடை அம்மாள் ஒருவர் மாலையோடு ஓடி வந்தார். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வந்து மாலை சாத்தி வேண்டிக்கொள்ளும் கோயில் அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வந்த வேலை நெஞ்சில் இருந்ததால் சட்டென்று உறைக்கவில்லை.

"பொண்ணுக்கா, பையனுக்கா?"

"ஒருத்தருக்கும் இல்லைம்மா."

"அப்ப உனுக்கா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, "மாப்ள வந்துகீறாரு பாருடி" என்றார். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, டிராயிங் சார் வீட்டைக் கேட்டேன். குளத்தைத் தாண்டி, நீலக் கேட்டு போட்ட வீடு என்று சிரிப்போடு சொன்னார்கள்.

ஏகாம்பரம் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள், தலை முழுதும் நரை. நான் செருப்பைக் கழற்றி, "நான் திருநெல்வேலியிலிருந்து…" என்று தொடங்கினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டார்.

"கஸ்தூரி! யாரு வந்துகீறாரு பாரு! நம்ம இட்லி புரொபசரு!"

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். என்னை வேறு யாரோ என்று எண்ணிவிட்டார் போல என்று நான் நினைத்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கஸ்தூரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதானா அது? எந்த இட்லி வெச்சாலும் உங்க இட்லி மாதிரி இல்லன்னு சொல்லிச் சொல்லி, பாதி ஆயுசு என் உசிர எடுத்துகினு கீறாரு இந்த ஆளு. அப்படி இன்னாதான் போட்டீங்க அதுல?"

"எந்த இட்லி?" என்றேன்.

ஏகாம்பரம் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நின்றபடியே மனைவிக்குச் சொன்னார். அந்த அம்மாள் பல முறை கேட்ட கதை என்பது முகத்தில் தெரிந்தது.

"அன்னிக்கு வராந்தாவுல குந்திகினு கீறேன். இவருதான் வெளிய வந்தாரு. தலைவரு உன் பிரதி மேல கை வெச்சிட்டாரு ஏகாம்பரம்னாரு. எனக்குக் கண்ணு இருட்டிகினு வந்துச்சு. வேற எவனாச்சும் எட்டிப் பார்த்தானா? இவரு என்னை ஓட்டலுக்கு இட்டுகினு போய், ரயிலுக்குப் பொடி தடவுன இட்லி கட்டிக் குடுத்து, வண்டி கிளம்புற வரைக்கும் ஜன்னலாண்டயே நின்னாரு. நான் எவ்வளவோ சொன்னேன், தலைவரு கேக்கலன்னு சொல்லி என் கையப் புட்ச்சிகினாரு. மனுசன்!"

நான் அதை மறந்திருந்தேன். கை வைத்ததை ஒரு நாளும் மறக்கவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது இருந்தது. ஆனால் வராந்தாவுக்கு வந்து பொய் சொன்னது, அந்தப் பழியை சிவசைலத்தின் தலையில் கட்டியது, ரயில் நிலையத்தில் கையைப் பிடித்துக்கொண்டது, எல்லாம் என் நினைவிலிருந்து போயிருந்தன. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தன. வாழையிலைப் பொட்டலத்தைச் சுற்றிய நூலின் நிறம்கூட வந்தது. ஒரு குற்றத்தைச் சொல்ல வந்த இடத்தில் இன்னொன்றை எடுத்து என் கையில் கொடுத்தார், அதுவும் நன்றியோடு.

என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் திறந்து கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் முதல் தாளை விரலால் தடவினார்.

"அந்தத் தலைவரு வூட்லேர்ந்து மீட்டு எடுத்தாந்துட்டீங்களா சார்? இந்த வயசுல, இவ்ளோ தூரம்?"

"அப்படி இல்லை…"

"இருங்க, இருங்க. உங்களுக்கு ஒன்னு படிச்சுக் காட்றேன்." மேசைமேல் இருந்த தாள்களை எடுத்தார். அன்று அவர் தனக்கென்று இன்னொரு படி வைத்திருந்திருக்கிறார். சபை விதிக்குக் கட்டுப்பட்டு, தலைவர் உயிரோடு இருக்கும்வரை அதைத் தொடவில்லை. அவர் இறந்த செய்தி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்ததாம். இப்போது செங்கல்பட்டு அச்சகம் ஒன்றில் தானே அச்சிட ஏற்பாடு செய்துவிட்டார். மறுநாள் அச்சகத்துக்குப் போக வேண்டிய முன்னுரை அது.

படித்தார். 'என் உழைப்பை அபகரித்துத் தானும் செய்யாமல் பிறரையும் செய்யவிடாமல் மாண்ட வக்கீல் சிவசைலம்' என்று, ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தார். அடுத்த பத்தியில், அந்தச் சபையில் அறத்தின் பக்கம் நின்ற ஒரே மனிதர் என்று என் பெயர்.

"நல்லா வந்துகீதா சார்?"

"ஏகாம்பரம், இதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கை வைத்தது அவர் இல்லை. நான். உங்களையே பதிப்பிக்கச் சொல்லலாம் என்றுதான் அவர் பேச ஆரம்பித்தார். பேசி முடிப்பதற்குள் நான் போய் வைத்துவிட்டேன். உங்கள் எழுத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. வெளியே வந்து பழியை அவர்மேல் போட்டேன்."

சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் இல்லை, ஆனால் சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"செத்தவரக் காப்பாத்துறீங்க. அதான் சார் நீங்க. கஸ்தூரி, கேட்டியா? பழிய அவரு தலைல போட்டுக்குறாரு!"

"காப்பாற்றவில்லை. இது உண்மை."

"சரி சார், சரி. பேரு வேணாம்னா எடுத்துடலாம். மெட்ராசுக்கு அந்தாண்ட போனாலும் இந்த மாதிரி ஆளக் காட்ட முடியுமா?"

மூன்றாம் முறையும் சொன்னேன். சொல்லச் சொல்ல நான் அவர் கண்ணில் உயர்ந்துகொண்டே போனேன். வாழ்நாளில் பொய் சொன்னபோதெல்லாம் என்னை நம்பினார்கள். உண்மையை எப்படிச் சொல்லி நம்ப வைப்பது என்று தெரியவில்லை. ஒரு கணம், இப்படியே விட்டுவிடலாம், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றுகூடத் தோன்றியது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கஸ்தூரியம்மாள்தான் சிரிக்கவில்லை. கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கை வெச்சவருதான் கட்ட வூட்டுக்கு எடுத்துகினு போவாருன்னு சொல்லுவீங்களே?"

"ஆமா, அதான் ரூல்சு."

"இது எத்தினி வருசமா உங்க வூட்ல கீது?" இது என்னிடம்.

"அன்றைக்கிலிருந்தே, அம்மா."

ஏகாம்பரத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தெருவில் ஒரு வேன் பாட்டோடு போயிற்று, கோயிலுக்கு வந்தவர்கள்.

"கை வெச்சது சரி" என்றார் ஏகாம்பரம். அதுவரை நீங்கள் என்றவர் நீ என்பதற்கு மாறினார். "ஆபீஸ்ல வெக்காததா? எத்தினி பேரு வெச்சானுங்க என் தலைல. அது சரி. இட்லி எதுக்கு வாங்கிக் குடுத்தே?"

நான் கட்டின் தாள்களை ஓரம் தட்டிச் சரிசெய்தேன்.

"உன்னத்தான் கேக்கறேன். எதுக்கு?"

"நீங்கள் அழுதுகொண்டு ரயிலேறினால் எனக்குத் தூக்கம் வராது என்று நினைத்தேன்."

"வந்துச்சா?"

"வந்தது."

அவர் எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். பின்னால் போகலாமா என்று நான் எழுந்தேன். கஸ்தூரியம்மாள் தடுத்தார்.

"குந்துங்க. சாப்டாம போனா அதுக்கும் ஒரு கதை சொல்லிகினு இருப்பாரு. என்னால இன்னொரு முப்பது வருசம் கேக்க முடியாது."

சாதமும் வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டார். சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. இரண்டாம் முறை சாதம் வாங்கினேன் என்பது மட்டும் தெரியும். சிவசைலத்தின் பெயரை முன்னுரையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

"நீங்க சொல்லி எடுத்தா அப்பால உங்க மேல ஒரு கோவம் வரும். நான் சொன்னா என் மேல வரும். அவரே எடுக்கணும்" என்றார். மோர் ஊற்றிக்கொண்டே, "ரொம்ப நல்லவருன்னு நெனச்சிகினு இருந்தாரு" என்றார். திட்டுவது போல இல்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வது போல இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏறும்வரை ஏகாம்பரம் திரும்பவில்லை. கட்டை மேசைமேல் விட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் பார்த்துத் தருகிறேன், என் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று அம்மாளிடம் சொல்லி, முகவரி கொடுத்துவிட்டு வந்தேன். பூக்கடை அம்மாள், "இன்னா மாப்ள, பொண்ணு அமைஞ்சுதா?" என்று கேட்டார்.

திருநெல்வேலிக்கு வந்ததும் மற்ற இரண்டு உறுப்பினர்களையும் என் வீட்டுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். என் கையை எடுத்துக்கொள்வதாகத் தீர்மானம் எழுதச் சொன்னேன். மூத்தவருக்குக் காது கேட்காது. நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொருவர், "கை வைக்கத்தான்வே விதி இருக்கு. எடுக்க விதியே கிடையாதே. எதை வச்சுத் தீர்மானம் எழுத?" என்றார். பிறகு, "இத்தனை வருசம் கழிச்சு இதை ஏன்வே போய்ச் சொன்னீரு? அந்த ஆளு சந்தோசமாத்தான இருந்திருக்காரு" என்றார். தீர்மானம் எழுதாமலே காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் சிவசைலத்தின் மகளுக்கும் போன் செய்தேன். உங்கள் அப்பாமேல் நான் ஒரு பழி போட்டிருந்தேன், அதைப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். ஏகாம்பரம் யார் என்று அவர் இரண்டு முறை கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப இதுக்கு நான் என்ன சார் செய்யணும்?" என்றார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பங்குனியில் செங்கல்பட்டு அச்சகத்திலிருந்து கூரியரில் ஓர் உறை வந்தது. உள்ளே நூலின் முதல் பதினாறு பக்கங்களின் மெய்ப்பு. துண்டுச் சீட்டுகூட இல்லை. அன்றே உட்கார்ந்து படித்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தி, இரண்டு இடங்களில் மட்டும் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். பத்து நாளில் அடுத்த பகுதி வந்தது. நான் கேள்விக்குறி போட்ட இடங்களுக்குப் பதில் இல்லை. ஆனால் கூடவே வந்த முதல் பகுதியின் திருத்திய படியில் அவற்றில் ஒன்று திருத்தப்பட்டும், இன்னொன்று அப்படியேயும் இருந்தன. இப்படியே மற்ற பகுதிகளும் வந்தன. இது மன்னிப்பா, கூலியில்லாமல் கிடைத்த ஆளை அவர் பயன்படுத்திக்கொள்கிறாரா, அல்லது கஸ்தூரியம்மாள் சொல்லி அச்சகத்துக்காரர் அனுப்புகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கூரியர்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

சென்ற வாரம் கடைசிப் பகுதியும் வந்துவிட்டது. கடற்கரை வரைபடமும் வந்தது. முன்னுரை மட்டும் வரவில்லை. எந்தப் புத்தகத்துக்கும் முன்னுரைதான் கடைசியில் அச்சாகும். இருந்தாலும் பொறுக்க முடியாமல் அச்சகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"பெரியவரு இன்னும் எழுதிகினேதான் கீறாரு சார்" என்றார் அச்சகத்துக்காரர். "தெனம் வந்து குந்திக்கிறாரு. ஒரு பேரு போடுறாரு, அப்பால அடிக்கிறாரு. மறுநாள் வந்து திரும்பவும் அதே பேரப் போடுறாரு. ஒரே பேஜாரா கீது."

எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை.